இடது கை எழுபது

கோவை கணபதியிலிருந்து போத்தனூர் போகும் வழியில், மேம்பாலம் இறங்கிய இடத்தில், யாரோ நடுரோட்டில் உடைத்துப் போட்டிருந்த பூசணிக்காய் மேல் நித்திலாவின் ஸ்கூட்டர் ஏறியது.

பின்சக்கரம் ஒரு பக்கம் போனது. அவள் ஒரு பக்கம் போனாள். வண்டி அரை வட்டம் அடித்தது. காலை ஊன்றி, ஹேண்டில்பாரை இழுத்துப் பிடித்து, எப்படியோ நிமிர்ந்துவிட்டாள். பின்னால் வந்த டவுன் பஸ் கிரீச்சிட்டு நின்றது.

"ஏனுங் அம்மணி, வூட்டுல சொல்லிட்டு வந்துட்டீங்ளா?" டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்டார். ஆயுத பூஜை. பஸ்ஸின் முகப்பில் வாழைக்கன்றும் மாலையும் ஆடிக்கொண்டிருந்தன.

நித்திலா காலில் சிராய்ப்பு உண்டா, பட்டுச்சேலை கிழிந்ததா, எதையும் பார்க்கவில்லை. முதலில் பார்த்தது தன் கைகளை.

இடது மணிக்கட்டில் பழைய கடிகாரம். நாடி நூறு என்றது.

வலது மணிக்கட்டில் இன்று காலை வந்த புதுக் கடிகாரம். நூற்று அறுபத்தைந்து என்றது.

ஒரே உடம்பு. ஒரே நெஞ்சு. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. எது என்று தெரிந்தாக வேண்டும். தெரியாமல் இன்று அவளால் வீட்டுக்குள் போய் அந்த மனிதர் பக்கத்தில் படுக்க முடியாது.

இடது கை அதிர்ந்தது. 'தரணி அழைக்கிறார்.' விரலால் ஒரு தள்ளு தள்ளினாள். கணவன் பெயர் திரையிலிருந்து காணாமல் போனது.

தள்ளுவதில் அவள் கைதேர்ந்தவள். 'வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள்', 'தண்ணீர் குடித்தீர்களா', 'ஒரு புதிய வசதி, அறிய வேண்டுமா'. கடிகாரம் எதைக் கேட்டாலும் படிக்காமல் தள்ளிவிடுவாள். ஊரில் எல்லாருமே அப்படித்தான்.

வண்டியைக் கிளப்பினாள்.

*

அந்தக் கடிகாரத்தின் பெயர் துடி. மற்ற கடிகாரங்கள் நாடியை எண்ணில் காட்டிவிட்டு நிறுத்திக்கொண்ட காலத்தில், துடி ஒரு படி மேலே போனது. உங்கள் நெஞ்சு எந்தத் தாளத்தில் அடிக்கிறதோ, அதே தாளத்தில் மணிக்கட்டின் மேல் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தது. 'உங்கள் நெஞ்சைக் கேளுங்கள்' என்று விளம்பரம் செய்தார்கள்.

ஜனங்கள் கேட்க ஆரம்பித்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில், ஆள் எடுக்கும் இடத்தில், நிலம் பேசும் இடத்தில், எதிரில் பேசுகிறவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தங்கள் கையைப் பார்த்தார்கள். படபடத்தால் வேண்டாம். படபடக்கவில்லையா, சரி, முடித்துவிடலாம். "கை என்ன சொல்லுது?" என்பது கோயம்புத்தூரில் கல்யாணத் தரகர்கூடக் கேட்கிற கேள்வியாகிவிட்டது.

இன்று காலை தரணிதரனின் லேத் பட்டறையில் பூஜை. மிஷின்களைத் துடைத்து எண்ணெய் போட்டு வரிசையாகப் பொட்டு. மாமியார் ருக்மணி ஒரு கையில் சந்தனக் கிண்ணமும் மறு கையில் குங்குமமுமாகப் பட்டறையை வளைத்துக்கொண்டிருந்தார். லேத், டிரில்லிங் மிஷின், கம்ப்ரசர், மகன் கார், மருமகள் ஸ்கூட்டர், மூலையில் கிடந்த திருப்புளி. எதுவும் தப்பவில்லை.

அப்போதுதான் தரணி சட்டைப் பையிலிருந்து பெட்டியை எடுத்தான்.

"இந்தா, புதுத் துடி. உன்ற பழசு சார்ஜே நிக்கறதில்லைன்னு சொல்லிட்டிருந்தியல்ல?"

"இதையும் ஆயுதத்துல சேத்துக்கலாமாங்க அத்தை?" என்றாள் நித்திலா.

"பின்னே? இதைப் பாத்துட்டுத்தான நீ எங்கிட்டக் கோபமா சந்தோஷமான்னே முடிவு பண்ற. குடு கண்ணு."

"கண்ணாடி மேல வெச்சுராதீங்கம்மா, கீறிப்போயிரும்" என்றான் தரணி.

"செரி, திருப்பிக் காட்டு. பின்னாடி வெச்சர்றேன்."

எல்லாரும் சிரித்தார்கள். பட்டறை ஆட்கள் பொரி மென்றபடி கை தட்டினார்கள்.

புதுக் கடிகாரம் மாற்றுவதில் ஒரு சடங்கு உண்டு. கைமாற்றம் என்பார்கள். ஒரு நாள் முழுக்கப் பழையதை இடது கையிலும் புதியதை வலது கையிலும் கட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் உடம்பைப் பற்றிப் பழையதற்குத் தெரிந்ததையெல்லாம் புதியது கற்றுக்கொள்ளும். நித்திலாவுக்கு அதுவே கூச்சமாக இருந்தது. வார் மாறிய இடத்தில் வலது கை அரித்தது. தட்டும் தாளம் அந்நியமாக இருந்தது, பக்கத்து வீட்டில் யாரோ உரலில் இடிப்பது போல.

போட்டோவுக்கு நின்றபோது தரணி அவள் தோளில் கை போட்டான். இடது கை நிதானமாகத் தட்டியது. வலது கை பறையடித்தது.

குனிந்து பார்த்தாள். இடது கை எழுபது. வலது கை நூற்று முப்பத்தெட்டு.

"சிரிங்க அக்கா" என்றான் போட்டோ எடுத்தவன். சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முதுகில் ஐஸ் வைத்தது மாதிரி ஒரு நினைவு. இதே எழுபதை அவள் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறாள். அதை ஒருத்தியின் முகத்துக்கு நேரே நீட்டியும் இருக்கிறாள்.

தலைவலி மாத்திரை வாங்கப் போவதாக அத்தையிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். துடியின் சர்வீஸ் சென்டரில் ஷட்டர் இறங்கியிருந்தது. வாசலில் மாவிலைத் தோரணமும் ஒரு நாயும் மட்டும். அந்தக் கடிகாரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த வேறு ஒரே ஆள் போத்தனூரில் இருந்தாள்.

*

ரோஸ்லின் கதவைத் திறந்தாள். நித்திலாவைப் பார்த்தாள். மறுபடி மூடப் போனாள். நித்திலா இடுக்கில் காலை வைத்தாள்.

"காலை எடு. நசுங்கும்."

"நசுங்கட்டும். அஞ்சே நிமிஷம், ரோசு."

"அந்தப் பேரைச் சொல்லாதே."

"சரி, சொல்லலை. ரிப்பேருக்கு வந்திருக்கேன். கஸ்டமர்னு நெனைச்சுக்கோ."

"இன்னிக்குக் கடை லீவு."

"ஏய், நீ ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவ. உனக்கு என்ன ஆயுத பூஜை?"

ரோஸ்லின் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அதை உள்ளேயே அமுக்கினாள். "ஊரே உக்காந்து பொரி திங்குமாம். நான் மட்டும் வேலை பாக்கணுமாக்கும்."

ஆனால் கதவு திறந்தது.

கல்லூரியில் இருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். நித்தி, ரோசு. ஒருத்தி பெயரைச் சொன்னால் மற்றவளும் திரும்புவாள். ரோஸ்லின் துடி கம்பெனியில் இன்ஜினியரானாள். நித்திலா தரணியைக் கட்டிக்கொண்டாள். மூன்று வருஷம் முன்பு, மிஷின்களுக்குச் சென்சார் பொருத்துவது பற்றிப் பேச ரோஸ்லின் தரணியின் பட்டறைக்குப் போனாள். அன்று மாலை நித்திலாவின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வர மாட்டேன் என்றாள். நின்றபடியே சொன்னாள்: தரணி ஆபீஸ் ரூம் கதவைச் சாத்தினார். என் கையைப் பிடித்தார். விடச் சொல்லியும் விடவில்லை.

"இங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டு நித்திலா உள்ளே ஓடினாள். தரணி சோபாவில் போனும் கையுமாக இருந்தான். கேட்டாள். அவன் நிமிர்ந்தான், வேதனைப்படுகிறவன் மாதிரி சிரித்தான். ஆர்டரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டேன், அந்த ஆத்திரத்தில் பேசுகிறாள் என்றான். நடுவில் அவள் கை ஒருமுறை அதிர்ந்தது, பழக்கத்தில் தள்ளிவிட்டாள். பிறகு பார்த்தாள். எழுபது. நிதானமான, ஆற அமர்ந்த எழுபது.

வாசலுக்குத் திரும்பி வந்தாள். இடது கையை ரோஸ்லினின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாரு. நல்லாப் பாரு. அவர் பொய் சொல்லியிருந்தா என் நெஞ்சுக்குத் தெரியாதா? படபடக்கவே இல்லை. போயிடு."

ரோஸ்லின் போய்விட்டாள். அந்தக் கை நீட்டின கதையை நித்திலாவே தோழிகளிடம் சொன்னாள். கதை ரோஸ்லினுக்கு நிச்சயம் செய்திருந்த வீட்டுக்கும் போனது. நிச்சயம் நின்றது. துடியிலும் அவள் நீடிக்கவில்லை. இப்போது போத்தனூர் ஸ்டேஷன் பக்கம் அப்பாவின் வீட்டு முன்னறையில் போன், கடிகாரம் பழுது பார்க்கிறாள்.

இப்போது அந்த முன்னறை மேஜையில் நித்திலாவின் இரண்டு கைகளும் நீண்டிருந்தன.

ரோஸ்லின் எண்களைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ரெண்டுக்கும் நடுவுல எப்பவும் இவ்வளவு வித்தியாசமா?"

"காலையில இருந்து. இடது கை அமைதிங்குது, வலது கை அலறுது. பழசை யாராவது பொய் சொல்ல வெக்க முடியுமா?"

"விரல் வெச்சு எண்ணிப் பாத்தியா?"

"வழியில எண்ணினேன். வண்டியில இருந்து விழப் பாத்தவளுக்கு எவ்வளவு இருக்கும்? அதுவும் நூறுக்கு மேலதான். அதை வெச்சு என்ன முடிவு பண்றது?"

"அது சரி. ரெண்டு கையிலயும் ரெண்டு தாளம் தட்டுது. உன் நெஞ்சு எது பின்னாடி போறதுன்னு தெரியாம முழிக்குது."

"நெஞ்சு ஏன் அது பின்னாடி போகணும்?"

ரோஸ்லின் நாற்காலியை இழுத்துப் போட்டாள். இயந்திரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும் அவள் குரலில் பழைய ரோஸ்லின் தலைகாட்டினாள்.

"குழந்தை அழுதா முதுகுல தட்டறோம்ல? நாம தட்டற வேகத்துக்கு அது அடங்கி வருதா இல்லையா? அதையே நாங்க கடிகாரத்துல பண்ணினோம். ஆறுதல்னு பேரு. நெஞ்சு நூத்திருபது அடிக்கும். கடிகாரம் எழுபதுன்னு தட்டும், திரையிலயும் எழுபதுன்னே காட்டும். கொஞ்ச நேரத்துல நெஞ்சு அதை நம்பி இறங்கி வந்துரும். பதட்ட நோய் இருக்கறவங்களுக்குன்னு பண்ணினது."

"யார் வேணா போடலாமா?"

"குடும்பக் கணக்குக்கு ஒரு தலைவர் இருப்பாருல்ல. அவர் போன்ல ஒரு பொத்தான். உங்க வீட்டுல தலைவர் யாரு?"

தரணிதான். நித்திலா கைகளை மேஜையிலிருந்து இழுத்துக்கொண்டாள்.

"என்னைக் கேக்காமலா?"

"அதுல ஒரு விஷயம் இருக்கு. திறந்து பாக்காம சொல்ல மாட்டேன். ரெண்டையும் கழட்டி வெச்சுட்டுப் போ. பொழுது சாயற நேரத்துக்கு வா."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் யார்கிட்டயும் எதுவும் பேசாதே. தெரியாம பேசாதே." ரோஸ்லின் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டாள். "அன்னிக்குப் பேசின மாதிரி."

*

அவள் பொறுக்கவில்லை. பொறுக்கிற ஆளும் இல்லை.

பட்டறை ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். வாசலில் ருக்மணி ஒரு முறத்தை வைத்துக்கொண்டு பொரியும் கடலையும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே தரணி லேத்தில் சாய்ந்து நின்று சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"போன் எடுக்கவே இல்லை. மாத்திரை ஊட்டிக்குப் போயா வாங்கினே?"

"போத்தனூர் போனேன். ரோஸ்லின்கிட்ட."

சுண்டல் கை பாதி வழியில் நின்றது.

"பழைய கடிகாரத்தைத் திறந்து பாத்துட்டா" என்றாள் நித்திலா. பொய். ஆனால் வெறும் மணிக்கட்டுகள் இரண்டும் அவன் கண்முன் இருந்தன. வார் அழுத்திய வெள்ளைத் தடம் மட்டும் தெரிந்தது. அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

தட்டை லேத் மேல் வைத்தான். வாசல் பக்கம் பார்த்தான். "மெதுவாப் பேசு. அம்மா இருக்காங்க."

அந்த ஒரு வரியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள்.

"எப்போ போட்டீங்க?"

"நித்திலா, நான் சொல்றதைக் கொஞ்சம்…"

"எப்போங்க?"

"அவ வந்து சொன்ன அன்னிக்கு." குரல் தேய்ந்தது. "நீ உள்ள ஓடி வந்தே பாரு, அப்போ. போன் கையில இருந்துச்சு. ஒரு பொத்தான்தான். நீ கத்தி ஊரைக் கூட்டிருவேன்னு பயந்துட்டேன்."

"ஒரு நாளைக்குத்தான?"

"அப்படித்தான் நெனைச்சேன். அப்புறம் எடுக்கப் பயம். எடுத்தா ஒரு நாள் நீ உக்காந்து யோசிப்பே."

"அப்போ அவ சொன்னது?"

அவன் சுண்டல் தட்டைப் பார்த்தான்.

"சொல்லுங்க. அவ சொன்னது?"

"கையைத்தான் பிடிச்சேன். வேற ஒண்ணுமில்லை. கதவு… சும்மாதான் சாத்தினேன்."

"கையைத்தான்."

"அதைத்தான் அவ ஊதி…"

"இன்னிக்கு எதுக்குப் புதுசு வாங்கினீங்க?"

"பழசு ஒரு நாள் நின்னுபோச்சுன்னா? குடும்பக் கணக்குல இருக்கறதெல்லாம் புதுசுக்கும் வந்துரும்னு கடையில சொன்னான்." எரிந்துபோன பல்பை மாற்றுகிறவன் போல எளிதாகச் சொன்னான். பிறகு அவன் குரல் உடைந்தது. "எனக்கு மட்டும் இதுல சுகமா? மூணு வருஷமா நீ என்னைப் பாத்துச் சிரிக்கும்போதெல்லாம், இது இவ சிரிப்பா, அந்த மிஷின் சிரிப்பான்னு தெரியாம நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ராத்திரி தூக்கமே இல்லை."

நித்திலா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். மணிக்கட்டில் எதுவும் தட்டவில்லை. உள்ளே அடிப்பதை இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக உள்ளங்கையில் கேட்டாள். எத்தனை என்று தெரியவில்லை. தெரிந்து என்ன ஆகப் போகிறது.

"நீ" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை அப்படி அவள் கூப்பிட்டதில்லை. "என் நெஞ்சு மேல ஏறி உக்காந்துட்டு, தூக்கம் வரலைன்னு எங்கிட்டயே அழறியா நீ?"

வாசலில் ருக்மணி நிமிர்ந்தார். "மறுபடியும் எங்க கண்ணு?"

"வெளிய போறேனுங்க அத்தை."

"கை ஏன் வெறுமனே இருக்குது? புதுக் கடிகாரம் எங்க?"

"ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்."

"அதுக்குள்ளயா! நான் நல்லாத்தான பொட்டு வெச்சேன்?"

*

போத்தனூருக்குத் திரும்பும் வழியில் ஒரு விநோதம் நடந்தது. அழுகை வரவில்லை. பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

கணவன் துரோகி. சரி. அது வலித்தது, இனியும் வலிக்கும். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு வாசல் திறந்திருந்தது. மூன்று வருஷமாக அவளுக்குள் ஒரு மூலையில் கூசிக்கொண்டே கிடந்தது அந்த நீட்டிய கை. கடைத்தெருவில் ரோஸ்லினின் சாயலில் யாரைப் பார்த்தாலும் தலையைத் திருப்பிக்கொள்ள வைத்த கை. இன்றைக்குத் தெரிந்துவிட்டது. அது அவள் இல்லை. அவள் கையில் வேறு ஒருவன் தட்டிக்கொண்டிருந்தான். அவளும் ஏமாந்தவள்தான், ரோஸ்லினைப் போலவே. இரண்டு பேரும் ஒரே பக்கம்.

போத்தனூர் ஸ்டேஷனில் விளக்கு போட ஆரம்பித்திருந்தார்கள். முன்னறைக் கதவு திறந்தே இருந்தது. மேஜையில் ஒரு வெள்ளைத் துணி மேல் இரண்டு கடிகாரங்களும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன.

"உக்காரு" என்றாள் ரோஸ்லின்.

நித்திலா உட்காரவில்லை. "அவன் ஒத்துக்கிட்டான்."

ரோஸ்லின் நிமிர்ந்தாள். "எதை?"

"எல்லாத்தையும். நீ வந்த அன்னிக்கு, நான் உள்ள போன அந்த நிமிஷம், ஆறுதலைப் போட்டிருக்கான். அப்புறம் எடுக்கவே இல்லை. உன் விஷயத்தையும்தான். கதவைச் சாத்தினதை, கையைப் பிடிச்சதை. அவன் வாயாலயே சொன்னான்."

ரோஸ்லின் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் வலது கை தானாகப் போய் இடது மணிக்கட்டைப் பொத்திக்கொண்டது. அந்த மணிக்கட்டில் கடிகாரம் இல்லை, வளையல் இல்லை, ஒரு கயிறுகூட இல்லை என்பதை நித்திலா அப்போதுதான் கவனித்தாள்.

"வாயாலயே சொன்னானா?" என்றாள் மெதுவாக.

"ஆமா. அதை எங்க வேணா வந்து சொல்றேன். உன் அம்மாகிட்ட, அந்த நிச்சயம் பண்ணின வீட்டுல, எல்லார்கிட்டயும்." வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் முட்டிக்கொண்டு வந்தன. "மன்னிப்புக் கேக்க வரலை, ரோசு. அன்னிக்கு அதைப் பண்ணினது நான் இல்லைன்னு சொல்லத்தான் வந்தேன். உன் மூஞ்சிக்கு நேர நீட்டினேனே, அது என் கையே இல்லை. அன்னிக்கு என் நெஞ்சு அடிச்சது எனக்கே கேக்காம பண்ணிட்டான். கேட்டிருந்தா நான் உன்னை விட்டிருப்பேனா? சொல்லு. விட்டிருப்பேனா?"

வெளியே ஏதோ ஒரு பாசஞ்சர் வண்டி போனது. ரோஸ்லின் மணிக்கட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"சாயங்காலம் வரைக்கும் பொறுன்னு சொன்னேன்" என்றாள்.

புதுக் கடிகாரத்தை எடுத்துத் திருப்பினாள். பக்கத்தில் ஒரு பஞ்சு உருண்டை கிடந்தது. மஞ்சளும் சிவப்புமாகக் கறை.

"திறக்கவே வேண்டியதில்லை. திருப்பினதும் சந்தன வாசனை வந்துச்சு. தோலுக்குள்ள ஒரு வெளிச்சத்தை அனுப்பித்தான் இது நாடியைப் படிக்கும். அந்தக் கண்ணு மேலயே இத்தனை சந்தனம், குங்குமம். அதுவும் பாவம், ஒண்ணும் தெரியாம தோணினதை அடிச்சு விட்டிருக்கு. அது வேகமாத் தட்டத் தட்ட, உன் நெஞ்சும் கொஞ்சம் அது பின்னாடியே ஓடியிருக்கு. உங்க அத்தை வேலையா?"

நித்திலாவுக்குச் சிரிப்பு வந்தது. "அப்போ புதுசுதான் பொய்யா?"

"பொய்யில்லை. குருடு. இப்போ துடைச்சுட்டேன். கையை நீட்டு."

இரண்டையும் கட்டிவிட்டாள். இடது கை தட்டியது. வலது கையும் தட்டியது. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே தாளத்தில். திரைகளில் ஒரே எண்.

"அப்போ பழசு…?" நித்திலா திணறினாள். "இல்லையே. ஆறுதலைப் போட்டேன்னு அவனே சொல்றானே!"

"போட்டிருக்கான். அவன் போன்ல 'ஓடுகிறது'ன்னு இருக்கும். இன்னிக்கும் இருக்கும்." ரோஸ்லின் பஞ்சை எடுத்துக் கூடையில் போட்டாள். "ஆனா போடறவன் போட்டா மட்டும் ஆகாது. கையில கட்டியிருக்கறவங்க சம்மதம்னு அழுத்தணும். அதுக்காக நான் ஆபீஸ்ல எத்தனை பேர்கூடச் சண்டை போட்டேன்னு உனக்குத் தெரியாது."

"சம்மதிக்கலைன்னா அவனுக்குத் தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சா? ஏன்டி அழுத்தலைன்னு அடிப்பான். அதனாலதான், அவனுக்கு ஓடுதுன்னே காட்டும், கையில ஓடாது. இப்படி வீட்டுல மாட்டிக்கிட்டு இருக்கற பொம்பளைங்களுக்காக நான் வெச்ச ரகசியம் அது. உனக்குத் தெரிஞ்சா அவனுக்கும் போயிரும்னுதான் மத்தியானம் நிறுத்திக்கிட்டேன்."

"எங்கிட்ட யாரும் சம்மதம் கேக்கலையே."

"கேட்டிருக்கு. பழசைத் திறந்து பதிவைப் பாத்தேன். அன்னிக்கே, அந்த நிமிஷமே. 'உங்கள் கணவர் ஆறுதலை இயக்க விரும்புகிறார். சம்மதமா?' அவன் என்ன பண்றான்னு அது உன் கையிலயே வந்து சொல்லியிருக்கு. நீ படிக்காமத் தள்ளிட்டே. தள்ளினா வேண்டாம்னு அர்த்தம். இந்தக் கடிகாரத்துல ஆறுதல் ஒரு நாள், ஒரு நிமிஷம்கூட ஓடினதில்லை."

நித்திலா இடது கையை மெல்லத் தூக்கினாள். மூன்று வருஷம் முன்பு தூக்கிய அதே உயரத்துக்கு அது தானாக வந்து நின்றது.

"அப்போ… அன்னிக்கு உன் முன்னாடி நீட்டினேனே… அந்த எழுபது…"

ரோஸ்லினின் குரல் உயரவில்லை. மூன்று வருஷத்தில் முதல் முறையாக அந்தப் பழைய பெயர் அவள் வாயில் வந்தது.

"அது உன்னோட எழுபதுதான், நித்தி."